உரிமம் இன்றி மோர் விற்போர்

தண்ணி பாட்டில கேட்டுலயே வாங்கி வச்சுக்கிட்டாகளா அண்ணாச்சி? மோந்து பாத்தாகளா? பாப்பாக. ஒரு பாட்டிலுக்கு ரெண்டு பேரு மோந்து பாப்பாக. எப்பவோ எவனோ மண்ணெண்ணெயக் கொண்டாந்துட்டான்னு, அன்னையிலேர்ந்து திங்கக்கெழமையானா இந்தக் கலெக்டர் ஆபீசுக்குள்ள பச்சத்தண்ணி போகாது. மனு கொண்டு போகலாம், அழுதுக்கிட்டே போகலாம், தண்ணி மட்டும் போகாது. இங்கன வாங்க, எம் பின்னால நில்லுங்க. பத்தரை வரைக்கும் வேப்பமர நெழலு இந்தப் பக்கந்தான் இருக்கும். பதினோரு வருசமாப் பாத்த நெழலு, எனக்குத் தெரியாதா?

என்ன மனு? பட்டாவுல பேரு மாத்தணுமா? குடுங்க பாப்போம். அட, இப்படியா எழுதுவாக? 'என் சித்தப்பா மகன் என்னை ஏமாத்தி'ன்னு ஆளக் காட்டி எழுதிருக்கீகளே. ஆளக் காட்டி எழுதுனா 'முன்விரோதம்'னு ஒத்த வார்த்தையில முடிச்சு உங்க மனுவுக்கு மாலையப் போட்டு அனுப்பிருவாக. யாரு பேரும் வரக்கூடாது. பொதுவா எழுதணும். பொதுவா எழுதுனாத்தான் அது பொதுநலம். இந்த வரிசையில நின்ன எத்தன பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஒரு டம்ளர் மோரு வாங்குனா ஒரு யோசன இலவசம். அப்படித்தான் நம்ம வியாபாரம்.

ஆமா, மோர் வியாபாரம். எம்பேரு பால்ச்சாமி. ஐஸ்மோர் பால்ச்சாமின்னு இந்தக் காம்பவுண்டுல எந்த டிப்பார்ட்மெண்டுல வேணாலும் கேட்டுப் பாருங்க. இப்ப மட்டும் கேக்காதீக. இப்ப நான் மனுதாரர்.

நம்ம மனுவா? இந்தா, மடியில இருக்கு. தேதிய அடிச்சு அடிச்சு எழுதிருக்கேன்னு பாக்கீகளா? அது ஒண்ணுமில்ல, பேனா கோளாறு.

மோரு விக்கிறது லேசான தொழிலுன்னு நெனைக்காதீக அண்ணாச்சி. தயிரக் கடைஞ்சு தண்ணி ஊத்துனா மோரு, அது வெளிய. இந்தக் கேட்டுக்கு உள்ள மோருக்கு இருக்குற சட்டம் தங்கத்துக்குக் கெடையாது. டீ, காப்பி, குளிர்பானம், இது மூணும் கேண்டீன்காரருக்கு. ஏலம் எடுத்திருக்காரு. அவரத் தவிர வேற யாரும் விக்கக் கூடாது. நான் போயி நின்னு கேட்டேன், ஐயா, மோரு குளிர்பானமான்னு. ஒரு மாசம் ஃபைலு மாடிக்கும் தரைக்குமா ஏறி எறங்குச்சு. கடைசியில ஒரு ஆபீசரு, புண்ணியவான், இப்ப மாத்தலாகிப் போயிட்டாரு, அவரு சொன்னாரு: "மோருக்குள்ள ஐஸ் கெடந்தா குளிர்பானம். கெடக்கலேன்னா மோரு. போய்யா."

வாய்வார்த்தைதான். எழுதித் தரல. எனக்கு அது போதாதா? எவர்சில்வர் ட்ரம்மு ஒண்ணு, அதச் சுத்தி ஒரு பெரிய அண்டா, ரெண்டுக்கும் நடுவுல ஐஸக் கொட்டி, மேல நனைச்ச கோணிச்சாக்கு. மோருக்குள்ள ஐஸ் இல்லியே! மோருக்கு வெளியதான ஐஸ்! கேண்டீன்காரரு வந்து நீளக் கரண்டிய விட்டுத் துழாவிப் பாத்தாரு. துண்டு கெடைக்கல. ஆனா குடிச்சா பல்லு கூசும். மனுசன் கரண்டியக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த வெயில்ல நின்ன நெலமையப் பாத்து எனக்கே ஒரு டம்ளர் குடுக்கலாமான்னு இருந்துச்சு. குடுக்கல.

அப்புறம் கேட்டுல நடக்குற சோதன. உள்ள போற எதையும் மோந்து பாக்குற ஆளுக மோர விட்டுருவாகளா? ட்ரம்மு நெறைய வெள்ளையா ஒண்ணு போகுதே! ஏட்டையா சொல்லிட்டாரு, "நீ முதல்ல குடிச்சுக் காட்டு." வாராவாரம் நான் அவரு முன்னால ஒரு டம்ளர் குடிக்கணும். ஒரு நிமிசம் உத்துப் பாப்பாரு, நான் விழல. அப்புறம் அவரு ரெண்டு டம்ளர் குடிப்பாரு, சோதனைக்கு. அவருக்குப் பின்னால நிக்கிற ரெண்டு பேரும் சோதிப்பாக. இதுல கொடும என்னன்னா, எனக்குப் பிரஷர். மாத்திர சாப்புடுதேன். உப்பு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா ஊருக்கு உப்பு போட்ட மோர, கேட்டுல நின்னு நான் குடிச்சுத்தான் ஆகணும். தொழிலுக்காக உசிரக் குடுக்கதுன்னா இதான்.

நகருங்க, நகருங்க. ரெண்டு பேரு உள்ள போயிட்டாக.

இப்படி ராசா மாதிரி இருந்தவன் அண்ணாச்சி நான். இந்த மரத்தடி முழுக்க எனக்கு. போன பங்குனியில வந்தா அந்த ஜெயக்கொடி.

யாரா? அந்தா பாருங்க, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நீலக் கலர்ல ஒரு பெட்டிக்கடை, 'மகளிர் குழு மோர் நிலையம்'னு போர்டு. அங்கன நிக்காள்ல, தலையில துண்டு போட்டுக்கிட்டு? பாத்துட்டீகல்ல, திரும்பிக்கோங்க. நாம பாக்குறோம்னு தெரிய வேண்டாம்.

அவ மோர் விக்க வந்தவ இல்ல. மனு குடுக்க வந்தவ. புருசன் திருப்பூருக்கு வேலைக்குன்னு போனவன் அங்கயே வேற குடும்பமாயிட்டான். ரெண்டு பொம்பளப் புள்ளைக. உதவித்தொகை கேட்டு இதே வரிசையில நின்னா. உதடெல்லாம் காஞ்சு போயி நின்னா, நாந்தான் கூப்புட்டு ஒரு டம்ளர் குடுத்தேன். நாந்தான் மனுவும் எழுதிக் குடுத்தேன். அடுத்த திங்க வந்தா, 'விசாரணையில் உள்ளது'ன்னாக. அதுக்கடுத்த திங்க வந்தா, அப்பவும் விசாரணையில உள்ளது. மூணு வாரம் எம் பக்கத்துல நின்னு எங்கூட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நாலாவது வாரம் இடுப்புல ஒரு மண்பானையோட வந்துட்டா! என் மோரக் குடிச்சு, என் நெழலுல நின்னு, என் தொழிலப் படிச்சுக்கிட்டு, மரத்துக்கு அந்தப்பக்கம் உக்காந்துட்டா அண்ணாச்சி.

பானையிலதான் வயித்தெரிச்சலு. நான் அண்டாவும் சாக்குமா சட்டத்துக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன். அவ சும்மா ஒரு மண்பானைய ஈரமணலு மேல வச்சா. ஐஸும் இல்ல, அண்டாவும் இல்ல, சில்லுன்னு இருக்கு. கேண்டீன்காரரு கரண்டியோட வந்தாரு, பானைய ஒரு சுத்து பாத்தாரு, ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. எனக்கு எப்படி இருக்கும்? அதுல அவ மாங்காயத் துருவிப் போடுவா. துருவுன மாங்கா, பச்சமொளகா, ரெண்டு கருவேப்பில. கூட்டம் அங்கிட்டு சாயுது. கலெக்டர் ஆபீசுல வேல பாக்குற சனமே ஃபைல அக்குள்ல வச்சுக்கிட்டு அங்க போயி நிக்குது.

அவளக் கெட்டவன்னு சொல்லமாட்டேன். அப்படி இருந்தாலாவது சண்ட போடலாம். மத்தியானம் ஒரு மணியானா ஒரு டம்ளர் மோரு, தட்டு போட்டு மூடி, எம் பக்கம் வந்துரும். "அண்ணே, ஒங்களுக்கு உப்பு போடுறதுக்கு முன்னாலயே எடுத்து வச்சது"ம்பா. கேட்டுல நான் உப்பு மோரக் குடிச்சிட்டுப் புலம்புறத எப்பவோ கேட்டிருக்கா. நான் குடிப்பேன். எதிரி சரக்கு எப்படி இருக்குன்னு தெரியணும்ல? அதுக்குத்தான் குடிச்சேன். தெனமும் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு, ஏன்னா அவ தெனமும் ஒரு மாதிரி போடுவா.

கடைசியில ஒரு நா, நாலு மணிக்கு எம் ட்ரம்முல பாதி அப்படியே கெடக்கு. அவ பானையக் கவுத்துக் கழுவிட்டா. வீட்டுக்குப் போயி எம்பொண்டாட்டி முத்துப்பேச்சிகிட்டச் சொன்னேன். அவ, "நீயும் மாங்கா துருவிப் போடு"ன்னா. பொம்பள புத்தி! பதினோரு வருசம் மோரு வித்தவன், நேத்து வந்தவளப் பாத்து மாங்கா துருவவா? எனக்குத் தெரிஞ்சது சட்டம். எடுத்தேன் பேப்பர.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மனு இந்த ஆபீசு கண்டிருக்காது. 'வளாகத்தினுள் உரிமம் இன்றி மோர் விற்போர் பெருகி வருவதால் பொதுமக்களின் ஆரோக்கியம் கருதி உடனடி நடவடிக்கை எடுக்குமாறு.' அவ பேரப் போடல. பொம்பளப் புள்ளையக் காட்டிக் குடுத்தான்னு பேரு வரக்கூடாது, அது ஒண்ணு. பேரப் போட்டா முன்விரோதம்னு முடிச்சிருவாக, அது ரெண்டு. பெருகி வருவதாலன்னு போட்டேன் பாருங்க, அதுதான் அழகு. ஒருத்திதான், ஆனா பெருகி வருதுன்னு இருந்தாத்தான் ஆபீசரு நாற்காலிய விட்டு எந்திரிப்பாரு.

இதே வரிசையில நின்னு குடுத்தேன். அன்னைக்கும் அவகிட்டருந்து ஒரு டம்ளர் வந்துச்சு. வெயில்ல நிக்கீகளேண்ணேன்னா. அவளப் பத்தின மனுவ மடியில வச்சுக்கிட்டே குடிச்சேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு மாங்கா கொஞ்சம் புளிப்பு.

சித்திரையில உணவு பாதுகாப்பு ஆபீசரம்மா வந்தாக. நேரா அவகிட்டப் போனாக, லைசென்ஸ் எங்கன்னாக. நான் இங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன், இப்ப பானைய ஒடைப்பாக, இப்ப ஒடைப்பாகன்னு. அவ என்ன சொன்னாத் தெரியுமா? "இல்லம்மா. அத எப்படிம்மா எடுக்கிறது?"

இத ஒரு கேள்வின்னு கேக்காளே! லைசென்ஸ் கேக்க வந்தவுககிட்டயே லைசென்ஸ் எப்படி எடுக்கன்னு கேட்டா அவுக என்ன செய்வாக பாவம்? திட்ட வந்த அம்மா, ஒக்காந்து விளக்கமாச் சொல்லுது. மகளிர் குழுவுல சேரு, இன்ன படிவம், ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட், தண்ணி சோதனை. அவ ஒரு அட்டைப்பெட்டியக் கிழிச்சு அதுல எழுதிக்கிட்டா.

அப்புறம் அந்தம்மா எம் பக்கம் திரும்புனாக. "உங்க லைசென்ஸ்?"

நான் சிரிச்சேன். "அம்மா, மனு குடுத்ததே நாந்தாம்மா"ன்னேன். அந்தம்மா எம் பேரக் கேட்டு எழுதிக்கிட்டாக. பாராட்டத்தான் எழுதுறாகன்னு நெனச்சேன். அண்டாவப் பாத்தாக, சாக்கத் தூக்கிப் பாத்தாக, அதையும் எழுதிக்கிட்டாக. விவரமான அம்மான்னு நெனச்சேன்.

வைகாசி கடைசியில ஒரே நாள்ல எனக்கு ரெண்டு ரிஜிஸ்தர் தபாலு. இந்த மரத்தடிக்கே போஸ்ட்மேன் கொண்டாந்து குடுத்தாரு. மொதக் கவரப் பிரிச்சேன். 'தங்கள் மனுவின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. உரிமம் இன்றி மோர் விற்ற ஒரு நபரை வளாகத்திலிருந்து அகற்ற உத்தரவிடப்பட்டுள்ளது. மனு முடிக்கப்பட்டது.' சந்தோசம் தாங்கல. போஸ்ட்மேனுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்து, நின்னு குடிச்சிட்டுப் போங்கன்னேன். பதினோரு வருசத்துல எத்தனயோ பேருக்கு மனு எழுதிருக்கேன், முடிக்கப்பட்டதுன்னு வந்ததுல நடவடிக்கையும் எடுத்திருக்கிறது இது ஒண்ணுதான்.

அப்புறம் ரெண்டாவது கவரப் பிரிச்சேன்.

அந்த ஒரு நபர் நாந்தான் அண்ணாச்சி.

சிரிக்காதீக. சரி, சிரிச்சுட்டுப் போங்க. கீழ 'பார்வை'ன்னு ஒரு வரி போடுவாகள்ல, எதை வச்சு உத்தரவு போட்டோம்னு? அதுல 'திரு. பால்ச்சாமி என்பவரின் மனு'ன்னு இருக்கு. மேல பெறுநர், திரு. பால்ச்சாமி. நகல், திரு. பால்ச்சாமி. ஒரே பேப்பருல மூணு எடத்துல எம் பேரு. முத்துப்பேச்சி படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, "நீ எழுதுனதுலயே வெளங்குன மனு இது ஒண்ணுதான்"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அங்க போயி அவ சிரிச்சது இங்க கேட்டுச்சு.

ஏன் எனக்கு மட்டும்னு கேக்கீகளா? அவளுக்குத்தான் லைசென்ஸ் வந்துருச்சே! ஒண்ணரை மாசத்துல. குழு, படிவம், சர்ட்டிபிகேட், எல்லாம். நீலப்பெட்டி வந்து எறங்கிருச்சு. நான் மனு போட்டிருக்காட்டி அவ இன்னைக்கும் மண்பானையோட மண்ணுலதான் உக்காந்திருப்பா. அதுக்கு ஒரு நன்றி வேணாமா?

தூக்க வந்தாக. ஏட்டையாவும் ரெண்டு பேரும். வாராவாரம் ரெண்டு டம்ளர் குடிச்ச மனுசன், மூஞ்சியப் பாக்கமாட்டேங்காரு. அண்டாவப் பிடிச்சாக. அந்த நேரத்துல ஜெயக்கொடி ஓடியாந்து குறுக்க நின்னுக்கிட்டா. "சார், இவரு எங்க அண்ணன். ரெண்டும் ஒரே கடைதான் சார். என் லைசென்ஸ்லதான் விக்காரு. நான்தான் அந்தப்பக்கம் நிக்கச் சொன்னேன்"னு.

ஏட்டையா என்னையப் பாத்தாரு. "அப்படியாய்யா?"

ஆமான்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். ஆமான்னா அண்டாவ எறக்கி வச்சிட்டுப் போயிருப்பாக. அந்த மனுசனுக்கே மனசு இல்ல.

நான் சொன்னேன், "நான் யாருக்கும் அண்ணன் இல்ல. நான் தனி யாவாரம்."

ஏன் சொன்னேன்னு கேக்காதீக. சொல்லிட்டேன். பொய் சொல்லிப் பொழைக்கிறவன் இல்ல இந்தப் பால்ச்சாமி. அப்படித்தான் வீட்டுலயும் சொல்லியிருக்கேன். ஐஸக் கீழ கொட்டுனாக. இந்த மரத்து வேருல கரைஞ்சு ஓடுச்சு. ஜெயக்கொடி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நின்னா. நடிப்புன்னு அப்ப நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன். ராத்திரிக்கு மட்டும் சில நேரம் அப்படி நெனைக்க முடியல.

மறுநாளே ஆள் விட்டா. கடையில எடம் இருக்கு, வந்து மோரக் கடையுங்கண்ணே, கடையிறதுக்குத்தான் எனக்கு ஆள் இல்லன்னு. பதினோரு வருசம் மொதலாளியா இருந்தவன அவ கடையில மத்தப் பிடிக்கக் கூப்புடுதா! வரமுடியாதுன்னுட்டேன். இப்ப ரோட்டுக்கு அந்தப்பக்கம் ட்ரம்ம வச்சுக்கிட்டு நிக்கேன், பஸ்ஸு நிக்காம போற எடத்துல. வெளிய வாரவன் கையில தண்ணி பாட்டிலு இருக்கும், என்னைய எதுக்குப் பாக்கான்? பாதி ட்ரம்மு தெனமும் வீட்டுக்குத்தான் போகுது. முத்துப்பேச்சி மோர்க்கொழம்பு வைக்கா. ஒண்ணரை மாசமா எங்க வீட்டுல மோர்க்கொழம்பு.

அதான் இந்த மனு. படிங்க. 'மகளிர் குழு மோர் நிலையத்தின் கூரை, ஒதுக்கிய மஞ்சள் கோட்டைத் தாண்டி முக்கால் அடி நீண்டிருப்பதால் அனுமதியை ரத்து செய்யுமாறு.' நானே சாண் போட்டு அளந்தேன். நூத்துக்கு நூறு நெசம். இதக் குடுத்தா அவ பெட்டியும் தூக்கிருவாக.

எனக்கு என்ன கெடைக்கும்னா? என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கீக? நீதி கெடைக்கும்ல.

வரிசைக்கு டோக்கன் குடுக்குற அந்தப் பையன் என்ன கேக்கான் பாத்தீகளா? "இன்னைக்காச்சும் குடுப்பீகளா பெரியவரே"ன்னு. அவனுக்கு எல்லாம் எளக்காரம். நல்ல காரியத்துக்கு நாள் பாக்கணும்ல. ஒரு வாரம் தலை சுத்துச்சு, ஒரு வாரம் சர்வர் வேல செய்யல, ஒரு வாரம் வரிசை ரொம்ப நீளம்.

ஆடிக் காத்துன்னு பேருதான். நாக்கு ஒட்டுது. நீங்களும் காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலியே? கேண்டீன் டீய இந்த வெயில்ல குடிக்க முடியாது. வேற எங்க போறது, அவ கடைதான் இருக்கு. ஒண்ணு செய்யுங்க, போயி ரெண்டு டம்ளர் வாங்கிட்டு வாங்க. எடத்த நான் பாத்துக்கிடுதேன். எனக்குன்னு மட்டும் சொல்லிராதீக. ரெண்டும் உங்களுக்குன்னே சொல்லுங்க. ஒரு மனுசன் ரெண்டு டம்ளர் குடிக்கமாட்டானா என்ன?

உப்பா? பரவாயில்ல. கேட்டுல குடிச்சுப் பழக்கந்தான. போங்க.

வந்துட்டீகளா. எங்கிட்டக் குடுங்க. என்னது, ஒண்ணுல மட்டும் தட்டு போட்டு மூடியிருக்கு? அவளே மூடிக் குடுத்தாளா? இந்தப் பக்கம் பாத்தாளா? நீங்க ஒண்ணும் சொல்லலியே?

சத்தியமா சொல்லல?

இதுல உப்பு இல்ல அண்ணாச்சி.

ஒண்ணுமில்ல. பச்சமொளகா கண்ணுல ஏறிருச்சு. தூக்கலாத்தான் போட்டிருக்கா, எனக்கு அப்படித்தான் பிடிக்கும்னு.

அந்தா, கூப்புடுதாக. அடுத்தது நாமதான். நீங்க போங்க. அட, போங்கன்னா. சித்தப்பா மகன் பேர அடிச்சிட்டுக் குடுங்க, மறந்துராதீக. நான் இதக் குடிச்சு முடிக்கணும். மெதுவாத்தான் குடிக்கணும், சில்லுன்னு இருக்கு. அப்புறம் டம்ளரத் திருப்பிக் குடுக்கணும். எவர்சில்வர் டம்ளரு, அடுத்தவுக பொருளு.

மனுவா? அது எங்க போகுது. பேனா இருக்கு, தேதிய மாத்திக்கிட்டாப் போச்சு. திங்கக்கெழம வாராவாரம் வரத்தான செய்யுது.